அத்தையின் அஞ்செழுத்து

விடிகாலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, கூடத்து மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய எங்கள் அத்தை முணுமுணுப்பதைப் பார்ப்பவர்கள் சத்தம் போடாமல் நகர்ந்துவிடுவார்கள். ஊர் திருவானைக்காவல். கோயில் மணி காதில் விழும் தூரத்தில் வீடு. எழுபதைத் தாண்டிய ஒரு அம்மாள் அங்கே அஞ்செழுத்து ஓதுவதில் அதிசயம் என்ன? கொஞ்சம் கிட்டே போய்க் காதைக் கொடுத்தால்தான் சங்கதி தெரியும். "எஸ்... டி... ஏ... ஆர்... இ..." ஓதுவது அஞ்செழுத்துதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஜம்புகேசுவரரைப் போய்ச் சேர்வதில்லை. நியூயார்க் டைம்ஸைப் போய்ச் சேர்கிறது.

வேர்டில் என்கிற விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாளைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல். ஐந்தே எழுத்து. அதை ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் ஏதாவது ஒரு ஐந்தெழுத்துச் சொல்லை அடித்தால், சரியான இடத்தில் உட்கார்ந்த எழுத்து பச்சையாகும். சொல்லில் உண்டு, இடம்தான் தப்பு என்றால் மஞ்சள். இல்லவே இல்லை என்றால் சாம்பல். அன்றைக்கு உலகத்துக்கே ஒரே சொல் என்பதால், முடித்தவர்கள் விடையைச் சொல்லாமல் வண்ணக் கட்டங்களை மட்டும் அனுப்பிப் பீற்றிக்கொள்ளலாம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முன்பெல்லாம் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்கள் வரும். இப்போது பச்சையும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமாக வருகிறது. பெரியம்மா முதல் வாரம் தன் போனைக் கடைக்கு எடுத்துப்போய், "ஸ்கிரீன் போயிடுச்சு, மாத்திக் கொடுங்க" என்று கேட்டிருக்கிறாள்.

இதை உருவாக்கியவர் ஜோஷ் வார்டில் என்ற வேல்ஸ்காரர், நியூயார்க்கின் ப்ரூக்ளினில் இருந்த மென்பொருள் பொறியாளர். அவருடைய துணைவி பலக் ஷாவுக்குச் சொல் விளையாட்டு என்றால் உயிர். அந்த அம்மாளுக்காகவே செய்தார். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 தேறும். அதில் பாதிக்கு மேல் யாரும் கேள்விப்படாதவை. பலக் ஷா உட்கார்ந்து, இது தெரியும், இது தெரியாது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சுமார் 2,500-க்குக் கொண்டுவந்தார். 2021 நவம்பர் 1-ஆம் தேதி இதை ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் அது 3 லட்சம். 2022 ஜனவரி 31 அன்று நியூயார்க் டைம்ஸ் அதைப் பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. துணைவிக்காக ஒரு விளையாட்டையே உருவாக்கிய மனிதன் என்று இந்தக் கதையை என் மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன். "நீங்க குடிச்ச டம்ளரைக் கழுவி வெச்சாலே எனக்குப் போதும்" என்றாள்.

வாங்கிய பத்திரிகையின் பூர்வீகம் இன்னும் ரசமானது. 1913 டிசம்பர் 21-ஆம் தேதி 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்துப் புதிரைப் போட்டார். பத்தே வருடத்தில் அமெரிக்கா முழுக்க அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. 1924-ல் பென்சிலோடு சேர்த்துக் கட்டிய புதிர்ப் புத்தகம் ஒன்றை விற்றுத்தான் சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற பதிப்பகமே தலையெடுத்தது. அதே வருடம் நியூயார்க் டைம்ஸ், கட்டத்துக்குள் எழுத்தைப் பொருத்துவது உருப்படாத வேலை, பாவம் பிடித்த நேர விரயம் என்று எழுதிக் கண்டித்தது. மற்ற பத்திரிகைகள் எல்லாம் புதிர் போட்டன. அது மட்டும் அசையவில்லை. பிறகு 1942-ல், உலகப் போருக்கு நடுவில், சரி போகட்டும் என்று தானும் ஆரம்பித்தது. 2022-ல் ஐந்து கட்டத்துக்குக் காசு கொடுத்தது. இந்தச் சம்பந்தமே கூடாது என்று குதித்த மாமா, முகூர்த்தத்தன்று பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி.

எங்கள் வீட்டில் இந்த விளையாட்டுக்கு முதலில் அடிமையானவர் அத்தை அல்ல, அத்தையின் தம்பி. அதாவது எங்கள் சித்தப்பா. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தில் எந்தப் பயிற்சி எந்த அத்தியாயத்தில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் பிழை இருந்தால் கல்யாணத்துக்கே போகமாட்டார். மொய் மட்டும் அனுப்புவார், கவருக்குள் திருத்தத்தோடு. இப்படிப்பட்டவருக்கு ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒரு பொருட்டா என்று நாங்கள் நினைத்தோம். அவரும் நினைத்தார்.

முதல் அடி 2022 ஜனவரியிலேயே விழுந்தது. அன்றைய விடை 'ஃபேவர்'. அமெரிக்க எழுத்துக்கூட்டல், நடுவில் யு இல்லாமல். இங்கிலாந்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அவர்களைவிட அதிகமாக மேல விபூதிப் பிரகாரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கொதித்தார். "அந்த யு எங்கே போச்சு? எவன் தின்னான்?" என்று கேட்டுக்கொண்டு அடுத்த தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வேகமாக வந்தார், என்னவோ நான் தின்ற மாதிரி. இரண்டாவது அடி அந்த வருடம் மே 5-ஆம் தேதி. விடை 'ஹோமர்'. பேஸ்பாலில் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து ஓடி வரும் ஓட்டத்துக்கு அமெரிக்கர்கள் வைத்த செல்லப்பெயர். அமெரிக்காவுக்கு வெளியே ஒருவருக்கும் புரியவில்லை. அந்த ஒரு நாளில் மட்டும் 65,000 தடவைக்கு மேல் கேம்பிரிட்ஜ் அகராதியின் தளத்தில் அந்தச் சொல்லைத் தேடியிருக்கிறார்கள். வருடக் கடைசியில் கேம்பிரிட்ஜ் அதையே ஆண்டின் சொல்லாக அறிவித்துவிட்டது. "ஹோமர்னா கிரேக்கக் கவி. ப்ராப்பர் நௌன். அதெல்லாம் ஆட்டத்துல சேர்த்தி கிடையாது" என்பதுதான் இன்றுவரை சித்தப்பாவின் கட்சி.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அத்தைக்கு ஆங்கிலம் பேச வராது. படித்துப் புரிந்துகொள்வது பாதி வரும். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் ஆங்கிலம் தட்டியவள். அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளைகள் அடுத்து எங்கே போவார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. தெருமுனை மாடியில் இருக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான். ஒரு மணி நேரம், ஒரு ரெமிங்டன், ஒரு கட்டு மட்டக் காகிதம். 'ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப்' என்று இடது கையும், 'செமிகோலன், எல், கே, ஜே, எச், ஜே' என்று வலது கையும் மாதக்கணக்கில் அடிக்க வேண்டும். அதை அடித்தவர்கள் இன்றைக்கும் எந்த மேஜைமேல் கையை வைத்தாலும் விரல்கள் தாமாக இடம் பிடித்து உட்காரும். கவனித்துப் பாருங்கள், ஐம்பதைத் தாண்டிய யாராவது சபாவில் தாளம் போடாமல் தொடையில் பத்து விரலாலும் தட்டிக்கொண்டிருந்தால் அவர் லோயர் பாஸ்.

தட்டச்சுப் பரீட்சையில் ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். இதில் சொல் என்பது அகராதிச் சொல் இல்லை. எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, இடைவெளியையும் சேர்த்து 5 தட்டு ஒரு சொல். 'ஐ' என்று ஒற்றை எழுத்து வந்தாலும் அதற்குத் தனி மரியாதை இல்லை, 'அட்மினிஸ்ட்ரேஷன்' வந்தாலும் தனிப் பயம் இல்லை. எல்லாவற்றையும் ஐந்தைந்தாக நறுக்கிவிடுவார்கள். ஹையர் தேறியவள் நிமிடத்துக்கு 225 தட்டு தட்டியவள் என்று பொருள். ஆக, உலகம் 2021-ல் கண்டுபிடித்த ஐந்தெழுத்துச் சொல்லை எங்கள் அத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே பழகிவிட்டாள். ஆங்கிலம் அவளுக்கு ஐந்தைந்து தட்டாகத்தான் அறிமுகமானது.

"ஏன் அத்தை, இத்தனை வருஷம் அவ்வளவு லெட்டர் அடிச்சீங்களே, என்ன எழுதியிருக்குன்னு படிக்கவே மாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படிச்சா எப்படிடா அடிக்கிறது? அர்த்தம் பார்த்தா ஸ்பீடு போயிடும்."

சித்தப்பாவுக்கு இது புரியவே இல்லை. ஆயுள் முழுக்க அவர் பிள்ளைகளிடம் கேட்ட ஒரே கேள்வி, 'வாட் டஸ் இட் மீன்?' என்பதுதான். எங்கள் தலைமுறையில் பலருக்கு ஆங்கிலம் தொண்டையில் சிக்கிக்கொண்டதே அந்தக் கேள்வியால்தான் என்பது என் அபிப்பிராயம். அர்த்தம் தெரிந்து, இலக்கணம் தெரிந்து, உச்சரிப்பு தெரிந்து, பிறகு வாயைத் திறக்கலாம் என்று காத்திருந்தவர்கள் பென்ஷன் வாங்கும் வயதுவரை காத்திருந்தார்கள். இந்த விளையாட்டோ அர்த்தத்தைக் கேட்பதே இல்லை. கட்டம் ஐந்து, எழுத்து ஐந்து, பொருந்துகிறதா, இல்லையா? அவ்வளவுதான் வழக்கு. இதில் ஆங்கில ஆசிரியரும் தட்டச்சரும் ஒரே கோட்டில் வந்து நிற்கிறார்கள். தட்டச்சர் அரையடி முன்னாலேயே நிற்கிறார் என்பது போகப் போகத் தெரிந்தது.

விசைப்பலகையின் மேல் வரிசையை வைத்து மட்டும் எழுதக்கூடிய பெரிய சொற்களில் ஒன்று 'டைப்ரைட்டர்' என்பதே. பத்து எழுத்தும் முதல் வரிசையில் இருக்கின்றன. விற்பனையாளர்கள் கடையில் சட்டென்று தட்டிக் காட்டுவதற்காக வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. நம்பத்தான் வேண்டும் என்றில்லை. 'ப்ரொப்ரைட்டர்', 'பெர்பெச்சுவிட்டி' இரண்டும்கூட அதே வரிசைதான். கடைசி வரிசையில் ஒரு சொல்லும் தேறாது, அங்கே உயிரெழுத்தே கிடையாது. இதையெல்லாம் அத்தை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கேட்டால் மேஜைமேல் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வாள். சொற்கள் அவளுக்கு அகரவரிசையில் கிடையாது, விரல் வரிசையில்தான் கிடக்கின்றன.

தினமும் அவள் ஆரம்பிக்கும் சொல் 'ஸ்டேர்', முறைத்துப் பார்ப்பதற்கான சொல். எஸ், டி, ஏ, ஆர், இ. ஆங்கிலத்தில் அடிக்கடி புழங்கும் எழுத்துகள் என்று நிபுணர்கள் இதைப் பாராட்டுவார்கள். அத்தையின் காரணம் வேறு. ஐந்தும் இடது கை எழுத்து. "வலது கையில காப்பி டம்ளர் இருக்குல்ல?" இரண்டாவது சொல், டம்ளரைக் கீழே வைத்தபிறகு, முழுக்க வலது கையால்: பி, எச், ஓ, என், ஒய். 'போலி' என்று பொருள்படும் 'ஃபோனி'. அத்தை அதைப் 'போணி' என்றுதான் சொல்வாள். "காலையில முதல்ல போணி ஆகட்டும்." இரண்டு சொல்லில் பத்து வெவ்வேறு எழுத்து சோதித்தாகிவிட்டது. சித்தப்பா குறுக்கிட்டார்: "அக்கா, அது அமெரிக்கன் ஸ்பெல்லிங். பிரிட்டிஷ்ல ஒய்-க்கு முன்னாடி ஒரு இ வரணும்." அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வந்தா ஆறு எழுத்து ஆயிடுமேடா."

இருவரும் தொலைபேசியில் இதைப் பேசிக்கொள்ளும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கு ரயில்வே கால அட்டவணை படிக்கிற சத்தம் கேட்கும். ஆங்கிலத்தில் இரண்டு 'பி', இரண்டு 'டி' இருப்பது நமக்கு மட்டுமே தெரிந்த கஷ்டம். "பாம்பே பி-யா, பாண்டி பி-யா?" "பாண்டி பி. ரெண்டாவது டெல்லி டி இல்ல, திருச்சி டி." "மெட்ராஸ் எம்-ஆ, நெல்லூர் என்-ஆ?" மெட்ராஸ் சென்னையாகி எத்தனையோ வருடம் ஆயிற்று. எழுத்துக்கூட்டலில் அது இன்னும் மெட்ராஸ்தான். சென்னை எம்-க்கு உதவாது.

அந்தப் பிரசித்திபெற்ற ராத்திரியைச் சொல்லாமல் விட முடியாது. சித்தப்பா வீட்டில் வெள்ளையடிப்பு. சுண்ணாம்பு நெடி ஒத்துக்கொள்ளாமல் எங்கள் வீட்டில் வந்து படுத்திருந்தார். புதுச் சொல் நள்ளிரவு பன்னிரண்டுக்கு வரும். அவர் தூங்காமல் காத்திருந்து ஆடுகிறவர். ராத்திரி வேளையாயிற்றே என்று 'நைட்' என்று அடித்தார். முதல் எழுத்து என் சாம்பல். மீதி நான்கும், ஐ, ஜி, எச், டி, வரிசையாகப் பச்சை!

சித்தப்பா பாயிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். முதல் தட்டிலேயே நான்கு பச்சை என்பது லேசில் வாய்க்காது. என்னை எழுப்பினார். என் மனைவியை எழுப்பலாமா என்று யோசித்துவிட்டு, புத்தியாக விட்டுவிட்டார். "இனிமே ஒரே ஒரு எழுத்துதான் பாக்கி. பார்த்துக்கோ" என்று எனக்கு முன்னால் 'லைட்' அடித்தார். எல் சாம்பல். "பரவாயில்லை." 'மைட்' அடித்தார். சாம்பல். 'ரைட்'. சாம்பல். குரலில் சுருதி இறங்கியது. 'சைட்' அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் பார்த்து, "சாம்பல்" என்றேன். கடைசி வாய்ப்பு. 'ஃபைட்டா', 'டைட்டா' என்று ரொம்ப நேரம் யோசித்தார். சொந்த அண்ணன் பிள்ளையிடம் அபிப்பிராயம் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு ஆசிரியர் கடைசிவரை போராட வேண்டும் என்று சொல்லி 'ஃபைட்' அடித்தார்.

விடை 'எயிட்'. எட்டு. இ-யில் ஆரம்பிக்கிற எட்டு.

முதல் சொல்லில் நான்கு பச்சை, ஆறாவது சொல்லில் தோல்வி. அவருடைய கட்டங்களைப் பார்த்தால் ஒரு நெட்டுக்குத்துச் சாம்பல் தூணும் அதன் பக்கத்தில் ஒரு பச்சைச் சுவருமாக இருந்தது. "உயிரெழுத்துல ஆரம்பிக்கும்னு எவன் நினைப்பான்?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டார். அப்புறம் அவர் தூங்கவில்லை. விடையை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது குழுவின் சட்டம், அந்தச் சட்டத்தை இயற்றியவரும் அவரே. ஆகவே விடியும்வரை எட்டை மனசுக்குள் அடக்கிவைத்துக்கொண்டு புரண்டார்.

காலையில் அத்தை காப்பி டம்ளரோடு உட்கார்ந்தாள். எதிரே சித்தப்பா. நான் செய்தித்தாளுக்குப் பின்னால். இடது கையால் 'ஸ்டேர்'. டி மஞ்சள், இ மஞ்சள், மற்றது சாம்பல். டம்ளர் கீழே இறங்கியது. வலது கையால் 'போணி'. எச் மட்டும் மஞ்சள். சித்தப்பாவின் முகத்தில் ஒரு தெளிவு. மூன்றே மூன்று மஞ்சள், ஒரு பச்சைகூட இல்லை, அக்கா இன்றைக்குத் தேறமாட்டாள். அத்தை போனைப் பார்க்கவில்லை. மேஜைமேல் பத்து விரலையும் வைத்து, இ, டி, எச் மூன்றையும் மாற்றி மாற்றித் தட்டினாள். பிறகு ஒற்றை விரலால் போனில் 'ஃபெட்ச்' என்று அடித்தாள். எஃப், சி இரண்டும் சாம்பல். மற்ற மூன்றும் மறுபடி மஞ்சள், ஆனால் இடம் இடமாக அடைபட்டுக்கொண்டு வந்தது. "இ ரெண்டுலயும் இல்ல, அஞ்சுலயும் இல்ல. டி ரெண்டு மூணுல இல்ல. எச் ரெண்டு அஞ்சுல இல்ல..." விரல் மேஜையில் நடந்தது. நாலாவது சொல்லாக 'எயிட்' அடித்தாள். ஐந்தும் பச்சை. காப்பி இன்னும் ஆறவில்லை.

"அக்கா, எப்படி?"

"எட்டு எட்டா எத்தனை ஸ்டேட்மென்ட் அடிச்சிருப்பேன்? கை தெரியாதா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து என் பையன் வீடியோவில் வந்தான். மென்பொருள் வேலை. அத்தைப் பாட்டியின் போனில் இந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்த புண்ணியவான் அவன்தான். தாத்தாவின் பச்சைச் சுவரைப் பார்த்து ரொம்ப வருத்தப்பட்டான். "தாத்தா, நீங்க ரெண்டாவது தடவை லைட்டுன்னு அடிச்சிருக்கவே கூடாது. ஒரு சொல்லைப் பலி கொடுத்திருக்கணும். ஃபிலிம்ஸ்னு அடிங்க. எஃப், எல், எம், எஸ் நாலும் ஒரே தட்டுல சோதிச்சாச்சு. ஏதாவது ஒண்ணு நிறம் மாறினா அதுதான் முதல் எழுத்து. நாலும் சாம்பல்னா அந்த நாலு சொல்லும் மொத்தமா அவுட். மிச்சத்தைப் பார்த்துக்கலாம்."

சித்தப்பா திகைத்தார். "விடை இல்லைன்னு தெரிஞ்சே ஒண்ணை எழுதறதா? முப்பத்தஞ்சு வருஷம் பேப்பர் திருத்தியிருக்கேன். தப்புன்னு தெரிஞ்சு எழுதினவனை நான் பார்த்ததில்லை."

பையன் விடவில்லை. 2022-ல் எம்.ஐ.டி.யில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எல்லா வழிகளையும் கணிப்பொறியில் அலசி, ஆரம்பிக்க உத்தமமான சொல் 'சாலெட்' என்று நிரூபித்திருக்கிறார்களாம். அதில் ஆரம்பித்துக் கணக்குத் தப்பாமல் ஆடினால் எந்தச் சொல்லும் ஐந்தாவது தடவைக்குள் விழுந்துவிடும், சராசரி 3.42 என்றான்.

"சாலெட்டுன்னா என்ன?" இது சித்தப்பா. கேட்காமல் இருப்பாரா?

"தெரியாது தாத்தா. எதுக்குத் தெரியணும்?"

சித்தப்பா எழுந்துபோய் அகராதியை எடுத்துவந்தார். பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் போர்வீரர்கள் போட்டுக்கொண்ட இரும்புத் தொப்பி. அதை உரக்கப் படித்துவிட்டு, ஒரு வாக்கியத்திலும் அமைத்துச் சொன்னார். அதற்குள் பையன் இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

வாக்கியத்தில் அமைப்பது அவருடைய பழைய சட்டம். நான் சிறுவனாக இருந்தபோது கோடை விடுமுறையில் அவர் வீட்டில் ஸ்க்ராபிள் ஆடுவோம். எழுத்துக் கட்டைகளை வைத்துச் சொல் அமைத்தால் மட்டும் மதிப்பெண் கிடையாது. அர்த்தம் சொல்லி, வாக்கியத்தில் வைத்துக் காட்டினால்தான் உண்டு. உலகத்தில் வேறெங்கும் இந்தச் சட்டம் இல்லை என்று எனக்குக் கல்லூரிக்குப் போனபிறகுதான் தெரிந்தது. ஸ்க்ராபிளைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் இதைக் கேட்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். அவர் நியூயார்க்கில் ஒரு கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போயிற்று. சும்மா இருந்த நேரத்தில் செய்தித்தாள்களை விரித்துவைத்து எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். எந்தப் பத்திரிகை என்கிறீர்கள்? அதேதான், நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கமும் அதில் உண்டு. அப்படி எண்ணித்தான் 100 கட்டைகளில் இ-க்கு 12 கொடுத்தார், க்யூவுக்கும் இசட்டுக்கும் தலைக்கு ஒன்று. எஸ்-ஐ மட்டும் நான்கோடு நிறுத்திக்கொண்டார். தாராளமாகக் கொடுத்தால் எல்லாச் சொல்லுக்கும் வால் ஒட்டிப் பன்மையாக்கிவிடுவார்கள் என்ற முன்ஜாக்கிரதை. முதல் பக்கத்தில் என்ன செய்தி இருந்தது என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. எங்கள் அத்தையை ஸ்டெனோவாக வைத்துக்கொண்டிருந்தால் ஒரே வாரத்தில் எண்ணி முடித்திருப்பாள்.

நைஜல் ரிச்சர்ட்ஸ் கதையைச் சித்தப்பாவிடம் சொன்னது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் குரூர சந்தோஷம் இருந்தது. நியூசிலாந்துக்காரர், ஆங்கில ஸ்க்ராபிளில் உலக சாம்பியன். 2015-ல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் போட்டிக்குப் போனார். பிரெஞ்சில் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசத் தெரியாது. போட்டிக்கு முன்னால் சுமார் ஒன்பது வாரம் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தார். போனார், பிரெஞ்சுக்காரர்களைப் பிரெஞ்சிலேயே ஜெயித்தார். 2024-ல் ஸ்பானிஷிலும் அதையே செய்தார். ஸ்பானிஷும் பேசத் தெரியாது.

சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வைவா வெச்சிருக்கணும்" என்றார்.

அத்தைக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "ஹையர் பாஸ் பண்ணியிருப்பான்" என்றாள்.

சித்தப்பாவைச் சமாதானப்படுத்த நான் அவருடைய தொழிலைச் சேர்ந்த ஒருவரின் கதையையே எடுத்தேன். லியோனார்ட் டா என்று ஒரு பள்ளித் தலைமையாசிரியர், லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் அமைத்துக் கொடுத்தவர். 1944-ல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்குவதற்குச் சில வாரம் முன்பு, அவருடைய புதிர்களில் 'யூட்டா', 'ஒமாஹா', 'மல்பெரி', 'ஓவர்லார்ட்', 'நெப்டியூன்' என்று விடைகள் வந்தன. எல்லாமே அந்தப் படையெடுப்பின் பரம ரகசியக் குறிச்சொற்கள். உளவுத்துறை அதிகாரிகள் தலைமையாசிரியர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவருக்கோ ஒன்றும் புரியவில்லை, கட்டத்தில் பொருந்தியது, போட்டேன் என்றார். பையன்களை விட்டுக் கட்டத்தை நிரப்பச் சொல்வாராம் அவர். பக்கத்தில் முகாமிட்டிருந்த சிப்பாய்களின் வாயிலிருந்து விழுந்ததைப் பையன்கள் கட்டத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள் என்று, பல வருடம் கழித்து அந்த மாணவர்களில் ஒருவரே சொன்னார். எவனாவது ஒரு பையன் 'வாட் டஸ் இட் மீன்' என்று கேட்டிருந்தால் அந்த வாத்தியார் தப்பித்திருப்பார் என்று சித்தப்பா உடனே பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இதற்கெல்லாம் பிறகும் குழுவில் அத்தையின் கட்டங்கள் தினமும் மூன்றிலும் நான்கிலும் முடிவதும், சித்தப்பாவின் கட்டங்கள் ஐந்திலும் ஆறிலும் முக்கித் தக்கி நிற்பதும் தொடர்ந்தது. போன மாதம் ஒரு மாலை, நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் பழைய மிடுக்கு.

"அக்கா, அந்நிய பாஷை வேண்டாம். நம்ம தமிழ்ல ஆடுவோம். ஐந்தெழுத்து. 26 எழுத்தை வெச்சுக்கிட்டு யார் வேணும்னாலும் ஆடலாம். இங்கே 247. அர்த்தம் தெரியாம ஒரு அடி எடுத்துவைக்க முடியாது."

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமல், "அம்மான்னா எத்தனைடா?" என்று கேட்டாள்.

"மூணு. அ, ம், மா."

"பட்டணம்?"

"அஞ்சு. ஒற்றெழுத்து தனிக் கணக்கு. இதுல எல்லாம் விரல் வேலை நடக்காதுக்கா. இலக்கணம் வேணும்."

நான் நடுவராக நியமிக்கப்பட்டேன். சித்தப்பா எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு சொல்லை எழுதி மடித்துக் கொடுத்தார். நல்ல சொல்தான், அத்தைக்கு வராது என்றே எனக்கும் தோன்றியது. அத்தை கீரை முறத்தை நகர்த்திவைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். இடது கை விரல்கள் மேஜைமேல் இடம் பிடித்து உட்கார்ந்தன. 'யளனகபக... யளனகபக...' என்று ஒருதரம் ஓடி நின்றன.

"புள்ளிக்குத் தனிக் கீ. அதைத் தட்டினா வண்டி நகராது. ஞாபகம் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"என்னக்கா அது?"

"தமிழும் ஹையர் பாஸ்டா நான். ஃபர்ஸ்ட் கிளாஸ். உனக்குத் தெரியாதா? நீ அப்போ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தே. சரி, கட்டத்தை இந்தப் பக்கம் திருப்பு."